விழுந்தாலும் வாளியை விடாதே

என் தங்கச்சி சுவிஸிலிருந்து வந்து எங்கள் வாசலில் இறங்கியபோது நான் முதலில் பார்த்தது அவளுடைய முகத்தையல்ல, காலைத்தான். வலது முழங்காலைச் சுற்றிக் கறுப்பு உறை ஒன்று. அதன் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டி. வான் வண்டியின் படியிலிருந்து அந்தக் காலை நிலத்தில் வைக்க அவள் எடுத்த நேரத்துக்குள் நான் ஒரு பானை சோறு வடித்து இறக்கியிருப்பேன். பெட்டிகளை இறக்கி வைத்த சாரதி, பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எங்கள் மாமரத்துக் காய்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா," என்று காதுக்குள் சொன்னாள். "கேட்டால் வாதம் எண்டு சொல்லுங்கோ."

வாதமாம். உண்மை என்னவென்று எனக்கு மார்கழியிலேயே தெரியும். பனிமலையில் காலில் பலகை பூட்டி ஸ்கீ ஓடப் போனவள் விழுந்து, முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு அறுந்து, தை மாதம் வெட்டித் தைத்திருந்தார்கள். விழுந்ததைத் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வந்தது கவலையல்ல, கோபம். எங்கள் ஊர் வட்டக்கச்சியில் போரில் கால் போனவர்களுக்கும் கால் நொண்டியவர்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கதை இருக்கிறது, அதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் சீட்டு வாங்கி, கம்பியில் தொங்கும் கதிரையில் ஏறியிருந்து மலை உச்சிக்குப் போய், அங்கேயிருந்து வேண்டுமென்றே வழுக்கி வந்து விழுந்த கதை எதிலும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அன்றைக்கே அவளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இப்போது ஆடி மாதம். எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கதிரையில் அவளும் எதிர்க் கதிரையில் அவளுடைய காலுமாக இருந்தார்கள். நான் தேங்காய் திருவிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினேன்.

"சரி, வடிவாச் சொல்லு. என்னண்டு விழுந்தனி?"

"கடைசி ஓட்டம் அக்கா. பின்னேரம். கால் களைச்சுப் போச்சு. எல்லாரும் வெளிக்கிடுவம் எண்டினம், நான்தான் இன்னும் ஒருக்கா எண்டு போனனான். அங்கை முக்கால்வாசிப் பேர் விழுறது அந்த இன்னும் ஒருக்காவிலதான்."

வெயில் பட்டு இளகிப்போன பனியில் ஒரு பலகை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. உடம்பு பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அவள் ஒன்று செய்தாள். அவள் செய்தது என்னவென்று கேட்டதும் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அதையேதான் நானும் செய்திருப்பேன்.

குந்தினாள்.

வயல் வரம்பில் நடக்காதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் நாட்களில் எங்கள் வரம்புகள் சவர்க்காரம் பூசியதுபோல் இருக்கும். கால் சறுக்கினால் இங்கே ஒருவரும் விழுவதில்லை. பின்பக்கத்தைப் பதித்து, பாரத்தைக் கீழே இறக்கி, குதிக்காலால் மண்ணைப் பிடித்துக் குந்துவோம். குந்தி, அப்படியே எழும்பி, மிச்சக் கதையைக் கதைத்துக்கொண்டு நடப்போம். யாரும் சொல்லித் தந்ததில்லை. சின்ன வயதிலிருந்து காலுக்குள் கிடக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகச் சுவிஸில் சப்பாத்துப் போட்டு நடந்தவளின் காலுக்குள்ளும் அது அப்படியே கிடந்திருக்கிறது.

பனியில் அதுதான் முழங்காலுக்கு எமன். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்க, பாரம் முழுக்கப் பின்னுக்குப் போக, கீழ்ப்பக்கத்துப் பலகையின் உள்விளிம்பு பனியைக் கவ்விக்கொண்டு ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மற்றப் பக்கம் திரும்ப, நடுவில் இருக்கும் முழங்கால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முறுகும். பலமாக விழுந்திருந்தால் சப்பாத்து பலகையிலிருந்து தானாகவே கழன்றிருக்குமாம். இவள் மெதுவாகக் குந்தியதால் அது கழலவில்லை. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கருவாட்டு முள் முறிந்த மாதிரி என்றாள். வலிகூடப் பெரிதாக இல்லை. எழும்பி நின்று, மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுபோல் கொஞ்சத் தூரம் ஓடியும் பார்த்திருக்கிறாள். முதல் திருப்பத்திலேயே முழங்கால் கழன்றதுபோல் மடிந்துவிட்டது. பிறகு சிவப்புச் சட்டை போட்ட மீட்புக்காரர் வந்து சறுக்கு வண்டியில் கட்டி இறக்கினார்களாம்.

"ஆஸ்பத்திரியில இருக்கிற வாங்கு முழுக்க ஆக்கள் அக்கா. முக்கால்வாசிப் பேருக்கு முழங்கால். ஒரு பொடியனுக்குத் தோள் கழண்டு போச்சு. ஒரு மனுசிக்கு மணிக்கட்டு. இன்னொராளை மேலை இருந்து வந்தவன் இடிச்சிட்டான். தலைக்கவசம் போட்டிருந்தபடியால் தப்பினவர்."

"மேலை இருந்து வாறவனுக்குக் கண் இல்லையோ?"

"அதுதான் அங்கைச் சட்டம். கீழை போறவருக்குத்தான் வழி. மேலை இருந்து வாறவர்தான் விலத்த வேணும்."

நல்ல சட்டம். கண்டி வீதியில் ஹோன் அடித்துக்கொண்டு பின்னால் வரும் பஸ்காரர்களுக்கும் யாராவது இதைச் சொன்னால் நான் சைக்கிளில் நிம்மதியாகக் கிளிநொச்சிக்குப் போய் வருவேன்.

முழங்கால் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அன்றுதான் அவள் வலது கைப் பெருவிரலையும் காட்டினாள். அதன் அடியில் ஒரு சின்ன வீக்கம். அதற்கு முந்திய வருடம் நடந்ததாம், எங்களுக்குச் சொல்லவில்லை. விழும்போது கையிலிருந்த ஸ்கீக் கம்பை விடாமல் பிடித்திருக்கிறாள். கை நிலத்தில் ஊன்ற, கம்பு பெருவிரலை வெளியே நெம்பி, அங்கேயும் சவ்வு கிழிந்து, கொஞ்சக் காலம் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஸ்கீ ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்கு அடுத்தபடி அடிக்கடி போவது இந்த விரல்தானாம்.

"கம்பை விட்டிருக்கலாமே, விசரி."

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கடை வீட்டிலை பிறந்தவள் கையில இருக்கிறதை விடுவாளோ அக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மா போட்ட சட்டம் அது. களை பிடுங்க, அரிவு வெட்ட ஆட்கள் வரும் நாட்களில் மத்தியானச் சோற்றை வாளியில் போட்டு மூடி, வரம்பு வழியாகக் கொண்டுபோவது எங்கள் இரண்டு பேரின் வேலை. "நீ விழு, பரவாயில்லை, காயம் மாறும். வாளி விழுந்தால் வயலுக்கை நிக்கிற சனம் என்னத்தைத் தின்னும்?" என்பார் அம்மா. அவர் போய்க் கனகாலம், சட்டம் இருக்கிறது. என் இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. குந்தவும் முடியாமல் விழுந்த நாளில் வாளியை நெஞ்சோடு அணைத்து முழங்கையால் விழுந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை. இதை நான் சொல்லாத கலியாண வீடு இல்லை.

அவளுடைய முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோப் பெண் இரண்டு கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாளாம். தைத்த முழங்கால் ஆறும், ஆனால் உடம்பு பழையபடி குந்தினால், பழையபடி கையை இறுக்கினால், திரும்பவும் அறும் என்று சொல்லியிருக்கிறாள். சறுக்கினால் பிடித்து நிற்கப் பார்க்காதே, பக்கவாட்டில் விழு. கையில் இருப்பதை விடு. வழுக்கிக்கொண்டு போகும்போது எழும்பாதே, நின்ற பிறகு எழும்பு. இதுதான் அவள் கொடுத்த பாடம்.

"ஏன் இவ்வளவு? விட்டுத் துலை. உனக்கு உந்த விளையாட்டுத் தேவையோ?" என்றேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் போனால் ஆட்களைத் தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது. பின்னேரம் வந்தால் வீட்டில் சமையல். அவளுடைய மனுசன் உணவகத்தில் நிற்கிறார், சனி ஞாயிறுதான் அவருக்கு வேலை கூட. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில்.

"நாள் முழுக்க ஆரையாவது தூக்கிறன் அக்கா," என்றாள். "வீட்டையும் அதுதான். அந்த மலையில நிக்கேக்கை மட்டும் நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கீழை பாத்தால் ஒரே வெள்ளை. சத்தமே இல்லை. நான் பாட்டுக்குப் போவன். எனக்கெண்டு இருக்கிறது அது ஒண்டுதான்."

என் தங்கச்சிக்கு இப்படி ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கு அது கிடைக்கட்டும் என்று அந்த நிமிடமே நினைத்துவிட்டேன். நான் எதையும் மெதுவாக நினைக்கிற ஆள் இல்லை.

"அப்ப போ. ஆர் மறிச்சது?"

"பயமா இருக்கு," என்றாள். "முழங்கால் சுகம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். என்னாலதான் ஏலாமல் கிடக்கு. வாற மார்கழி போகேல்லை எண்டால் இனி ஒருநாளும் போகமாட்டன். அது எனக்குத் தெரியும்."

எவ்வளவு பயம் என்பதை அன்று பின்னேரமே கண்டேன். வயலைப் பார்க்க வாறன் என்று உற்சாகமாக வெளிக்கிட்டவள், வாய்க்கால் தாண்டி வரம்பு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். அந்த வரம்பில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓடியவள். "நீங்கள் போங்கோ, நான் இதிலை நிக்கிறன்," என்றாள். நான் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை வாய்க்கால் கட்டில் இருந்தபடி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வாதக் கதை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பக்கத்துக் காணி அண்ணைதான் முதலில் வந்தார். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. பிளாஸ்டிக் கால் ஒன்று போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுவார், மண்வெட்டி பிடிப்பார், ஊர்ப் புதினம் எல்லாம் அவரிடம் இருக்கும்.

"வாதத்துக்கு உந்த இரும்பு போடுறவையோ பிள்ளை?" என்று முன்னால் இருந்த கதிரையில் குந்தினார்.

அவரிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பனி, பலகை, மலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவருடைய காலுக்கு முன்னால் தன்னுடைய காலை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது அவளுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, காசு குடுத்து விழுறியள்."

"ஓம் அண்ணை."

"திரும்பவும் போவியோ?"

"போகத்தான் விருப்பம்."

"அப்ப நல்ல விளையாட்டாத்தான் இருக்கும்," என்றார். பிறகு அந்தச் சப்பாத்துக் கழலுகிற விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டார். சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் கொழுவியை ஆளின் நிறைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்றபடி இறுக்க வேண்டும், கடையில் போய் "நான் வலு கெட்டிக்காரன்" என்று புளுகுகிறவர்களுக்கு இறுக்கிவிடுவார்கள், அவர்கள் விழும்போது கழலாமல் கால் முறியும் என்று அவள் சொன்னாள். அவர் தன் பிளாஸ்டிக் காலில் தட்டினார். "என்ரையும் உதுதான். சேத்துக்கை இறுகினால் தானாக் கழண்டு வந்திடும். போன முறை காலை அங்கை விட்டிட்டு நான் இஞ்சாலை விழுந்தனான். அதாலை முழங்கால் மிச்சம்."

அவள் வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அதன் பிறகு அண்ணை ஒவ்வொரு நாள் பின்னேரமும் வரத் தொடங்கினார். இரண்டு பேரும் கதிரைகளில் இருந்துகொண்டு காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வார்கள். யார் கூட நேரம் தூக்கி வைத்திருப்பது என்று போட்டி வேறு. தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் நான்.

விழப் பழக வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. விழுவதற்கும் பள்ளிக்கூடமா? ஆனால் போன போகத்து வைக்கோல் முற்றத்து ஓரத்தில் கிடந்தது. அதைப் பரப்பிக் கொடுத்தேன். பூவரசில் இரண்டு கம்பு வெட்டிக் கொடுத்தேன். அவள் வைக்கோலின் நடுவில் இரண்டு கையிலும் கம்போடு நிற்பாள். நான் பக்கத்தில் நின்று மெல்லத் தள்ள வேண்டும். தள்ளியதும் அவள் கம்பை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சரிய வேண்டும். சின்ன வயதிலிருந்து தள்ளிவிழுத்த ஆசைப்பட்ட தங்கச்சியைத் தள்ளிவிழுத்த ஒரு பிசியோவே அனுமதி கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும். ஆசை தீரத் தள்ளினேன். பால் கொண்டுவந்த பெண் படலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "அக்காவுக்கும் தங்கச்சிக்கும் காணிப் பிரச்சினையோ?" என்று அண்ணையிடம் கேட்டாளாம்.

வைக்கோலில் அவள் நன்றாக விழுந்தாள். கம்பு இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பறந்தன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவளுக்கும்தான். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, இரவில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டாள்.

பிறகு கிணற்றடியில் சறுக்கினாள்.

பாசி பிடித்த இடம், அதிலே கால் வைக்காதே என்று சொல்லியிருந்தேன். கையில் தண்ணீர் வாளி. சத்தம் கேட்டு ஓடிப்போனபோது அவள் குந்திக்கொண்டிருந்தாள். அச்சொட்டாக எங்கள் வரம்புக் குந்து. வாளி நெஞ்சோடு. ஒரு சொட்டு சிந்தவில்லை. முழங்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"விடேல்லை அக்கா," என்றாள். "பாருங்கோ. வைக்கோலிலை தெரிஞ்சுகொண்டு விழுறன். தெரியாமல் சறுக்கினால் விடுறன் இல்லை."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று என் வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது. அவள் உடுப்புத் தோய்க்கும் கல்லில் இருந்துகொண்டு அழுதாள். நான் குளிர்ப்பெட்டியில் கிடந்த பாரை மீன் பொதியை எடுத்துத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்தேன். நல்லெண்ணெய் பூசி உருவலாம் என்று கையும் மனமும் துடித்தன. வீங்கிய உடனே உருவக் கூடாது, ஐஸ்தான் வைக்க வேண்டும் என்று அவள் வந்த நாளே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஐஸுக்குப் பதிலாகச் சுவிஸ்காரிக்கு மீன் வைப்பேன் என்று யார் கண்டது.

"பலகையை வித்துப்போடப் போறன்," என்றாள் மீனுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு. "உங்கடை சொல்லுத்தான் சரி. எனக்கு ஏன் உந்த விளையாட்டு."

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். அவள் வாயிலிருந்து திரும்பி வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு மீன் சமைக்கவும் மனம் வரவில்லை, மீனும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நல்லவேளை, உள்ளே ஒன்றும் அறவில்லை. சில நாட்களில் வீக்கம் வற்றியது. ஆனால் அவள் வைக்கோல் பக்கம் போகவில்லை. கம்பு இரண்டையும் நான் பாகல் கொடிக்கு ஊன்றிவிட்டேன்.

அந்த முறை சிறுபோக நெல் பிந்தி விதைத்தது. அவள் திரும்பிப் போக இருந்த கிழமையில்தான் களை பிடுங்க ஆட்கள் வந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கருவாட்டுப் பொரியல். விடியவே எழும்பிச் சமைத்தேன். என்னோடு வழக்கமாகச் சோறு தூக்கிவரும் அண்ணையின் மனைவிக்கு அன்று காய்ச்சல். கறிச் சட்டிகளை நான் தூக்கினால் வாளிக்கு ஆள் இல்லை. இரண்டு தரமாகக் கொண்டுபோவோம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"வாளியை நான் கொண்டுவாறன்," என்றாள் அவள்.

"வரம்புக்கு நீ வரமாட்டாய்."

"சனம் பசியோட நிக்குதெல்லே."

சனம் பசியோடு நிற்கிறது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதை இல்லை. அவள் முழங்கால் உறையை இறுக்கிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். நான் அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தேன். வாய்க்கால் தாண்டி வரம்பு தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு வரம்பில் காலை வைத்தாள். முதலில் நத்தைபோல் போனவள் போகப் போக நன்றாகவே நடந்தாள். முன்னால் ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. நெல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணை காலையில் வரம்பை வெட்டித் தண்ணீர் விட்டுவிட்டு மூடிய இடம் அது. புது மண், களி மண். அவளுடைய இடது கால் வழுக்கிப் போயிற்று.

பின்னால் நின்ற நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவளுடைய பின்பக்கம் பதியத் தொடங்கியது. போச்சு, குந்தப் போகிறாள் என்று நினைத்தேன். வாளிக் கை நெஞ்சை நோக்கி எழும்பியது. அந்த இடத்தில் ஏதோ நடந்தது. எழும்பிய கை திரும்பி வெளியே போயிற்று, விரல்கள் விரிந்தன, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. வாளி தனியாகவும் மூடி தனியாகவும் பறந்தன. அவள் தோளாலும் இடுப்பாலும் வயலுக்குள் விழுந்து, சேற்றில் கொஞ்சத் தூரம் வழுக்கிப்போய்க் கிடந்தாள். பச்சை நெல்லுக்கு மேலே எங்கள் வெள்ளைச் சோறு.

எங்கள் வீட்டு வாளி ஒன்று வயலில் விழுந்தது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சோற்று நினைவுதான். விடிய எழும்பி வடித்த சோறு. தொண்டை வரைக்கும் ஏச்சு வந்துவிட்டது.

அப்போது அவள் கிடந்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கினாள். உள்ளங்கை இரண்டும் எனக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தாள்.

"அக்கா, கையைப் பாருங்கோ," என்றாள். "ஒண்டும் இல்லை."

ஏச்சு போன இடம் தெரியவில்லை. கறிச் சட்டிகளை வரம்பில் வைத்துவிட்டு அவளைத் தூக்க இறங்கினேன். கையை நீட்டினேன்.

"இழுக்காதேங்கோ. நிண்டாப் பிறகுதான் எழும்ப வேணும்."

"நீ நிண்டு எவ்வளவு நேரம்."

"நான் நிண்டிட்டன். நெஞ்சு இன்னும் நிக்கேல்லை," என்று சிரித்தாள். கன்னம் முழுக்கச் சேறு, அதற்குள் கண்ணீரும் ஓடியது. முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், திரும்ப மடக்கினாள். நோகவில்லை என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் அப்படியே இருந்துவிட்டேன். இவள் போய்விடுவாள், மலைக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோசம்.

களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பை நிமிர்த்தி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணைதான் தன் வயலிலிருந்து குரல் கொடுத்தார்.

"சோறு நெல்லுக்கோ, எங்களுக்கோ?"

அன்றைக்கு எல்லாரும் பேக்கரிப் பாணும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். பாண் வாங்க அண்ணைதான் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குப் போனார். கொக்குகள் வந்து எங்கள் சோற்றைப் பொறுக்கின. சோறு சிந்தியதற்கு நான் ஏசவில்லை என்ற செய்தி பொழுதுபடுவதற்குள் வட்டக்கச்சி முழுக்கப் போயிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், அக்காவுக்கு நாக்குச் சறுக்கிவிட்டது என்று அண்ணை கடையில் வைத்துச் சொன்னாராம்.

அவள் போய்விட்டாள். மழை வந்தது, காலபோகம் விதைத்தோம். மார்கழியில் ஒருநாள் பின்னேரம் களை பிடுங்கும் ஆட்களுக்குத் தேத்தண்ணி வாளியோடு வரம்பில் போய்க்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஒரு கையில் வாளி, மற்றக் கையால் எடுத்தேன். காற்றுச் சத்தம். அதற்குள்ளிருந்து அவளுடைய குரல், மூச்சு வாங்க வாங்க.

"அக்கா, விழுந்திட்டன்."

எங்கே அடிபட்டது, கால் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"கையில இருந்ததை விட்டனியோ?"

"விட்டிட்டன். கம்பு ரெண்டும் எங்கையோ போயிட்டுது. ஆரோ ஒரு வெள்ளைக்கார மனுசன் பொறுக்கிக்கொண்டு வாறார்."

வரம்பின் நடுவில் நான் நின்றுவிட்டேன். தேத்தண்ணி வாளியை மெல்ல நிலத்தில் வைத்தேன்.

"இப்ப நிண்டிட்டியோ?"

"ஓம் அக்கா. நிண்டிட்டன்."

"அப்ப எழும்பு," என்றேன். "ஆறுதலா எழும்பு."